ரூபியின் வயது

வில்ஃபிரட் பாஸ்கோவுக்கு நூற்று நான்கு வயதானபோது, அவர் பேசுவதை விளங்கிக்கொள்ள மொன்றியலில் ஒரே ஒரு ஆள்தான் மிஞ்சியிருந்தான். அது அவருடைய மகள் அல்ல, வைத்தியரும் அல்ல. கோட்-டெ-நெய்ஜ் வட்டாரத்தில், பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் பின்னால் இருந்த முதியோர் இல்லத்தில், தினமும் காலையில் அவரைக் கழுவித் துடைத்து, உடுப்பு மாற்றி, கஞ்சி பருக்குகிற சிவராசா.

2002ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பாரிசவாதம் வந்து கிழவரின் வலப்பக்கம் செத்துப்போனது. நாக்கிலும் பாதி போயிற்று. கண்ணில் ஏற்கெனவே நிழல் மட்டும்தான் மிச்சம். எழுதிக் காட்டவும் வழியில்லை, எழுத்தைத் தொட்டுக் காட்டவும் வழியில்லை. வாயிலிருந்து வந்தது ஈரமான ஒரு முனகல். சிவராசா அதை முதலில் வெறும் சத்தமாகக் கேட்டான். மூன்று மாதம் போனபின் சொற்களாகவே கேட்டான். இதில் திறமை என்று மெச்ச ஒன்றுமில்லை. ஒருவரை நாள் தவறாமல் குளிப்பாட்டினால், தண்ணீர் சுடுகிறது என்பதை அவர் எப்படிச் சொல்கிறார் என்று கைக்கு முதலில் தெரிந்துவிடும். காது மெதுவாகப் பின்னால் வரும்.

சமையலறையில் வேலை செய்த திரேசம்மாவுக்கு இது நல்ல பகிடி.

"என்ன தம்பி, உன்ரை குதிரைக்காரர் இண்டைக்கு என்ன சொல்லுறார்?"

"சூப்புக்கு உப்புக் காணாதாம், அக்கா."

"நூற்றி நாலு வயசிலை உப்புக் கேக்குது. எங்கடை மனுசன் ஐம்பத்தாறிலை உப்பை விட்டார், அடுத்த வருசமே ஆளையும் காணேல்லை."

குதிரைக்காரர் என்பது இல்லம் முழுவதும் அவருக்கு இருந்த பெயர். முதலாம் உலகப் போரில் ஆஸ்திரேலியக் குதிரைப்படையில் இருந்தவர். அவருடைய அறைச் சுவரில் கூரை வரைக்கும் குதிரைப் படங்கள் ஒட்டியிருந்தன. எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரைந்தவை. சில குதிரைகளுக்கு ஐந்து கால் இருந்தது, சிலவற்றுக்குச் சிறகு. பத்து வருடமாக, ஒவ்வொரு நவம்பர் பதினோராம் தேதியும், நினைவு நாளுக்காக ஒரு வகுப்புப் பிள்ளைகள் இல்லத்துக்கு வருவார்கள். கிழவர் அவர்களுக்குத் தன் குதிரையின் கதையைச் சொல்லுவார். பிள்ளைகள் அழுவார்கள். பிறகு கேக் வெட்டுவார்கள். அடுத்த கிழமை படங்கள் தபாலில் வரும்.

கதை இதுதான். நியூ சவுத் வேல்ஸில் ஒரு கோதுமைப் பண்ணையில் பிறந்தவர் வில்ஃபிரட். பதினெட்டு வயதில், 1916இல், படையில் சேர்ந்தார். எகிப்தில் அவருக்கு ஒரு செம்பழுப்புப் பெண்குதிரையைக் கொடுத்தார்கள். பெயர் ரூபி. சினாய் மணலிலும் பாலஸ்தீன மலைகளிலும் அது அவரைச் சுமந்தது. பேர்ஷெபாவில் கிணறுகளைப் பிடிக்கப் பாய்ந்த அன்று, இரண்டு நாள் தண்ணீர் காணாத வாயோடு ஓடியது. போர் முடிந்ததும், குதிரைகள் ஊர் திரும்பாது என்று உத்தரவு வந்தது. கப்பலில் இடமில்லை, நோய் பரவும் என்ற பயமும் இருந்தது. நல்ல குதிரைகள் வேறு படைகளுக்குப் போகும். மற்றவை சுடப்படும். அந்நியர்களின் சவுக்கடியில் ரூபி கல்வண்டி இழுத்துச் சாவதைப் பொறுக்க முடியாமல், வில்ஃபிரட் அதைத் தன் கையாலேயே சுட்டார்.

இதைக் கேட்டு அழாதவர்களைச் சிவராசா கண்டதில்லை. அவனும் ஒருமுறை கண்ணைத் துடைத்திருக்கிறான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, குளியல் நாற்காலியில் இருந்தபடி கிழவர் உண்மையைச் சொன்னார். முன்னறிவிப்பு எதுவும் இல்லை. சிவராசா அவருடைய இடது பாதத்தைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"அவளுக்கு ஏழு வயது."

"ஆருக்கு, மிஸ்டர் பாஸ்கோ?" சிவராசா தன்னை மறந்து தமிழில் கேட்டுவிட்டு, ஆங்கிலத்தில் திரும்பக் கேட்டான்.

"ரூபிக்கு. ஏழு வயது. ஒரு குறையும் இல்லை. சுடுகிற பட்டியலில் அவள் இல்லை."

கிழவர் சொல்லச் சொல்லச் சிவராசாவின் கை நின்றுபோனது. தண்ணீர் ஆறியது.

மிருக வைத்தியர் ரூபியின் பல்லைப் பார்த்து, காலைத் தட்டிப் பார்த்து, இந்தியக் குதிரைப்படைக்கு என்று எழுதினார். அடுத்த நாள் அந்தப் படையிலிருந்து தலைப்பாகை கட்டிய ஒரு வீரர் வந்தார். நரைத்த தாடி, மெதுவான கை. ஒரு துண்டுக் கரும்புச் சர்க்கரையை நீட்டினார். ரூபி அதைத் தின்றுவிட்டு, அந்த மனிதரின் தோளில் தன் தாடையை வைத்துக் கண்ணை மூடியது.

"என் தோளில் மட்டும்தான் அப்படி வைப்பாள் என்று நினைத்திருந்தேன்" என்றார் கிழவர்.

அன்று மாலை ஒரு லாட ஆணியை எடுத்து, ரூபியின் முன்னங்கால் குளம்பில், லாடத்தின் ஓரமாக, உயிர்ச்சதை வரை அடித்து இறக்கினார். அடிக்கும்போது ரூபி காலை இழுக்கவில்லை. அவரை நம்பித் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. விடிந்தபோது மூன்று காலில் நின்றது. வைத்தியர் வந்து பார்த்துப் பெயரை மற்றப் பட்டியலுக்கு மாற்றினார். சுடும் இடம் ஒலிவ மரங்களுக்கு அப்பால், ஒரு மைல் தூரம். கயிறு தேவைப்படவில்லை. அவர் முன்னால் நடந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அது நொண்டி நொண்டிப் பின்னால் வந்தது.

சுடுமுன் பிடரி மயிரையும் வாலையும் வெட்டினார்கள், லாடங்களைக் கழற்றினார்கள். மயிருக்கும் இரும்புக்கும் பயன் இருந்தது. லாடம் கழற்றியவன் ஆணியைக் கண்டான். வில்ஃபிரட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். ஆணியை வாளிக்குள் போட்டுவிட்டு அடுத்த குதிரைக்குப் போனான்.

"நான் சுடவும் இல்லை. வேறொருவன் சுட்டான். அவள் வாயில் கட்டியிருந்த தீனிப்பையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். தின்றுகொண்டிருந்தாள்."

"இதை ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்ற பொருளில் சிவராசா கேட்டான்.

அதற்கும் கிழவரிடம் பதில் இருந்தது. போருக்குப் பிறகு பண்ணையில் இருக்கப் பிடிக்காமல், கப்பலில் நிலக்கரி தள்ளி, 1924இல் மொன்றியலில் இறங்கி, ரயில் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை செய்தார். லூசி என்ற நர்ஸைக் கட்டினார். தெருவில் பால் வண்டிக் குதிரையின் குளம்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவாராம். ஏன் என்று லூசி ஒருநாள் கேட்டாள். அவர் முழுவதையும் சொல்லத்தான் தொடங்கினார். குதிரைகள் ஊர் திரும்பாது என்ற உத்தரவுக்கு வந்ததுமே லூசி அழுதுவிட்டாள். "நீங்களே சுட்டீர்களா, பாவம்" என்று அவருடைய தலையைத் தன் மடியில் வைத்தாள். அவர் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். மடி சூடாக இருந்தது. எழுபது வருடமாக அதே இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

பொய்யைக் கட்டி எழுப்ப வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலான பொய்களுக்கு அந்த உழைப்புத் தேவையில்லை. கொஞ்சம் முன்னதாக வாயை மூடினால் போதும், கேட்கிறவர்கள் மிச்சத்தைத் தாங்களே கட்டி முடிப்பார்கள்.

"வருகிற நவம்பரில் சொல்லப்போகிறேன். நான் சொல்லுவேன், நீ அவர்களுக்குச் சொல்" என்றார் கிழவர்.

"பிள்ளைகள் இருப்பார்கள், மிஸ்டர் பாஸ்கோ."

"இந்தக் கதைக்காக நிறையக் கேக் தின்றுவிட்டேன், சிவா. அவர்களுடைய முகம் எனக்குத் தெரியாது. அந்த அறை எப்படி அமைதியாகிறது என்று ஒருமுறை கேட்கவேண்டும். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுக்கவேண்டியவள் இல்லையே."

சிவராசா சம்மதமாக ஓம் என்றான். கிழவர் அந்தச் சொல்லைப் படித்து வைத்திருந்தார். "ஓம்" என்று திருப்பிச் சொன்னார்.

சிவராசாவிடமும் இப்படி ஒரு முடியாத கதை இருந்தது. 1996இல், யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. ஒழுங்கை வீடுகளில் இருந்த ஆட்களை எல்லாம் வெயிலில் இருத்தி, ஒவ்வொருவரையும் காட்டி மற்றவர்களிடம் கேட்டார்கள், இவனைத் தெரியுமா என்று. தெரியும் என்று அயலவர் ஒருவர் பொறுப்புச் சொன்னால் விடுவார்கள். சொல்லாவிட்டால் டிரக்கில் ஏற்றுவார்கள். பொறுப்புச் சொன்னவர்களும் சிலவேளை டிரக்கில் ஏறினார்கள். பக்கத்து வீட்டு வினோஜனைக் காட்டிக் கேட்டபோது, சிவராசா தெரியாது என்றான். வினோஜனுக்குப் பத்தொன்பது வயது. சைக்கிள் ஓடப் பழக்கியவன் சிவராசாதான். போனவன் வரவில்லை.

மொன்றியலுக்கு வந்து, 1999இல் அகதி விசாரணை நடந்தபோது, எதிரே இருந்த நீதிபதியின் முகம் சாந்தமாக இருந்ததாலோ என்னவோ, சிவராசா அதைத் தமிழில் அப்படியே சொன்னான். மொழிபெயர்ப்பாளர் மகேந்திரராசா, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட மனிதர், தலையாட்டிக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். சிவராசாவுக்கு அப்போது ஆங்கிலம் அரைகுறை. ஆனால் ஒன்று விளங்கியது. வினோஜன் என்ற பெயர் அந்த ஆங்கிலத்தில் வரவில்லை.

வெளியே நடைபாதையில் மகேந்திரராசா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, நீர் உம்மடை கேஸை நீரே உடைக்கப் பாத்தீர். அடிச்சுக் கேட்டும் நீர் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லை எண்டு நான் ஒட்டி விட்டிருக்கிறன். போய்க் கோப்பி குடியும்."

கேஸ் வென்றது. அந்த மனிதரைச் சிவராசா நன்றியோடு நினைக்கிற நாட்களும் உண்டு. அவருடைய கழுத்தைப் பிடிக்கவேண்டும் போல் இருக்கிற நாட்களும் உண்டு. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை வாயைத் திறந்து சொன்னதை, பக்கத்தில் இருந்த ஆள் விழுங்கிவிட்டார்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, கிழவரின் மகள் மார்கரெட் வந்தாள். எழுபத்து மூன்று வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. தகப்பனுக்கு நகம் வெட்டிவிட்டு, சிவராசாவை நடைபாதைக்குக் கூப்பிட்டுத் தட்டச்சுச் செய்த ஒரு தாளைக் கொடுத்தாள்.

"அப்பா இந்த வருடமும் பேசவேண்டும் என்கிறார் போலிருக்கிறது. அவர் மனம் குழம்பிப் போயிருக்கிறது. அவர் என்ன முனகினாலும் நீங்கள் இதைச் சொல்லுங்கள். அவர் வழக்கமாகச் சொல்கிற கதைதான்."

"அவர் வேறு ஏதாவது சொன்னால்?"

"நூற்று நான்கு வயதில் எல்லோரும் வேறு ஏதாவது சொல்வார்கள்." சிரித்தாள். பிறகு, "நிரந்தர வேலைப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதாமே. நல்லது. உங்களைப் பற்றி நான் நிர்வாகத்திடம் எப்போதும் நல்லதாகவே சொல்லியிருக்கிறேன்."

இரண்டையும் அவள் சேர்த்து முடிச்சுப் போடவில்லை. முடிச்சைச் சிவராசாதான் போட்டான்.

திரேசம்மாவிடம் கேட்டான்.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றாள் அவள், கையுறையைக் கழற்றாமலே. "சின்னப் பிள்ளையளுக்கு முன்னாலை குதிரைக்கு ஆணி அடிச்ச கதையே சொல்லப்போறாய்? கடதாசியிலை இருக்கிறதை வாசிச்சுப்போட்டு வா."

"அவருக்கு வாக்குக் குடுத்திட்டன், அக்கா."

"அவருக்கு நீ சோறு குடுக்கிறாய், தண்ணி வாக்கிறாய். அது காணாதே? சாகிற நேரத்திலை மனுசன் தன்ரை பேரைத் தானே கெடுக்கப் பாக்குது. நீ காப்பாத்தி விடு. புண்ணியம்."

காப்பாற்றி விடு. அந்தச் சொல் சிவராசாவுக்குள் போய் உட்கார்ந்தது. வேலைக்காகத்தான் செய்தான் என்றால் கதை எளிதாகிவிடும். ஆனால் அவன் பழகிய உலகத்தில் மொழிபெயர்ப்பு என்பதே இன்னொருவனின் கேஸைக் காப்பாற்றுவது. சொன்னதைச் சொன்னபடி சொல்கிறவன் ஒன்று புதியவன், அல்லது எதிரி.

பதினோராம் தேதி சாப்பாட்டு மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் தரையில் இருந்தார்கள். எல்லோருடைய சட்டையிலும் நினைவு நாளுக்குக் குத்துகிற சிவப்புக் காகிதப் பூ. முன்னாள் படைவீரர் நான்கு பேர், ஒரு நிருபர், வீடியோக் கமராவோடு மார்கரெட். கிழவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து நடுவில் விட்டான் சிவராசா. பதக்கங்களைக் குத்தியிருந்தார்கள். அவன் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். தாள் சட்டைப்பைக்குள் இருந்தது.

கிழவர் முனகினார்.

"என் குதிரையின் பெயர் ரூபி. அவளுக்கு ஏழு வயது" என்றான் சிவராசா ஆங்கிலத்தில்.

கிழவர் தலையை அசைத்தார். அடுத்த வரியை முனகினார். இந்தியக் குதிரைப்படைக்கு அவளைக் கொடுப்பதாக எழுதினார்கள்.

சிவராசா பிள்ளைகளைப் பார்த்தான். முன் வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி வாயைத் திறந்தபடி இருந்தாள். மார்கரெட்டின் கமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"அவளை யாரோ அந்நியருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று தெரிந்தது. அடித்து வேலை வாங்குவார்கள் என்று பயந்தேன்."

கிழவருக்கு உடம்பில் ஒழுங்காக மிஞ்சியிருந்தது காது மட்டும்தான். அவர் முகத்தை அவன் பக்கம் திருப்பினார். தாடியைப் பற்றியும் சர்க்கரைத் துண்டைப் பற்றியும் திரும்பச் சொன்னார், மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வதுபோல.

"அவளைப் பிரிய என்னால் முடியவில்லை" என்றான் சிவராசா. அதில் பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். "அதனால் நானே..."

"ஆணி" என்றார் கிழவர்.

"...நானே அவளைச் சுட்டேன்."

"ஆணி. ஆணி." இடது கையால் நாற்காலியின் கையை அடித்தார். எச்சில் வழிந்து பதக்கத்தில் விழுந்தது. "ஆணி."

"என்ன சொல்கிறார்?" என்று நிருபர் கேட்டார்.

சிவராசா குனிந்து பதக்கத்தில் விழுந்த எச்சிலைத் துடைத்தான். "அவருக்கு இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது" என்றான்.

மண்டபம் அமைதியாக இருந்தது. கிழவர் கேட்க ஆசைப்பட்ட அமைதி அல்ல. மார்கரெட் அழுதாள். இரட்டைப் பின்னல்காரி எழுந்து வந்து, அடித்துக்கொண்டிருந்த அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து முத்தமிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். கிழவர் இன்னும் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறார்" என்றான் சிவராசா.

அப்போதுதான் அந்தச் சிறுமி கேட்டாள்: "ஏழு வயது என்றால் சின்னக் குதிரைதானே. ஏன் சுடவேண்டும்?"

"உத்தரவு" என்றான் சிவராசா. சிறுமிக்கு அது போதவில்லை என்று தெரிந்தது. ஆனால் கேக் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை சிவராசா கஞ்சிக் கிண்ணத்தோடு போனான். கிழவர் வாயைத் திறக்கவில்லை. மற்ற வேலையாட்கள் பருக்கினால் இரண்டு வாய் குடித்தார். சிவராசாவின் கரண்டி என்பது அவருக்கு எப்படியோ தெரிந்தது. பேச்சும் நின்றது. பேச இருந்த ஒரே காதையும் அவர் மூடிவிட்டார். இரண்டாவது பாரிசவாதமாக இருக்கலாம் என்று வைத்தியர் எழுதினார். குளிப்பாட்டும்போது தண்ணீர் சுட்டாலும் சொல்லவில்லை. தோல் சிவந்திருப்பதைப் பார்த்துத்தான் சிவராசா ஒருமுறை குழாயைத் திருகினான்.

"மிஸ்டர் பாஸ்கோ, உங்களுக்காகத்தான்" என்றான். வேறொரு நாள் வினோஜனைப் பற்றி முழுவதையும் தமிழிலேயே சொன்னான். கிழவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுவரில் ஐந்து கால் குதிரை.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில், அவர் இறந்தார். அந்தக் கிழமையே சிவராசாவுக்கு நிரந்தர வேலைக் கடிதம் வந்தது.

அறையை ஒதுக்க மார்கரெட் வந்தபோது அவனால் பொறுக்க முடியவில்லை. ஆணியையும், தலைப்பாகை வீரரையும், லாடம் கழற்றியவனையும் சொன்னான். அவள் படங்களைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக உரித்தபடி கேட்டாள். கடைசியில் அவனுடைய கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"சிவா, நீங்கள் அவரோடு அதிகமாக இருந்துவிட்டீர்கள். அப்பா என்ன சொன்னார் என்பது என்னிடம் வீடியோவில் இருக்கிறது. உங்கள் குரலிலேயே இருக்கிறது. தினமும் பார்க்கிறேன்."

எங்கோ ஒரு அலுவலகத்தின் கோப்பில், அடித்துக் கேட்டும் யாரையும் காட்டிக் கொடுக்காத ஒரு சிவராசா இருப்பதுபோல, இந்த வீடியோவில் ஒரு வில்ஃபிரட் இருப்பார். இருவருக்கும் சாட்சி பலமானது.

படங்களை மார்கரெட் அவனிடமே கொடுத்தாள். பெரிய பை. பஸ்ஸில் மடியில் வைத்து வில்லரேயில் இருந்த தன் அறைக்குக் கொண்டுபோய், கட்டிலுக்குக் கீழே தள்ளினான்.

அந்த வருடம் நவம்பரில் இல்லத்தின் பொறுப்பாளர் அவனைக் கூப்பிட்டார். பள்ளிக்கூடம் கேட்டிருக்கிறது, பிள்ளைகளுக்கு அந்தக் குதிரைக் கதையைச் சொல்ல உங்களைவிட நெருக்கமான ஆள் வேறு யார் என்றார். சிவராசா மறுக்கவில்லை. காலையில் முகம் வழித்து, காகிதப் பூவைக் குத்திக்கொண்டு போனான். அவனுடைய ஆங்கிலம் இப்போது நன்றாகியிருந்தது. சுடுகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்தினான். ஆசிரியை கைக்குட்டையை எடுத்தாள்.

பின் வரிசையில் ஒரு பையன் கை உயர்த்தினான். "அந்தக் குதிரைக்கு எத்தனை வயது?"

"கிழட்டுக் குதிரை" என்றான் சிவராசா. "இருபது இருக்கும்."